மினரலா, சிந்தெடிக்கா? எந்தக் காருக்கு எந்த எஞ்சின் ஆயில்

ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “மினரலா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா?” நல்ல சிந்தெடிக் வேண்டுமென்றால் மினரலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் காசு யாருக்குத் தேவை என்பதுதான் விஷயம்.

மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் மூலக்கூறுகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். எஞ்சின் சூட்டில் சிறியவை ஆவியாகிப் போகும். மிச்சம் மெல்ல மெல்லக் கெட்டியாகும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் சூடு தாங்கும், குளிரிலும் ஓடும். செமி இரண்டும் கலந்தது. எவ்வளவு கலக்க வேண்டும் என்று பொது விதி கிடையாது, டப்பாவிலும் பெரும்பாலும் போட்டிருக்காது. அதனால் செமிக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று போட்டிருப்பதெல்லாம் ஆய்வகத்தில் உருவானது என்றும் நினைக்க வேண்டாம். கச்சா எண்ணெயையே கடுமையாகப் பதப்படுத்தி எடுக்கும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று ஆயில் நிறுவனங்களான மொபிலும் காஸ்ட்ராலும் அமெரிக்காவில் மோதிக்கொண்டன. 1999-இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, விற்கலாம் என்ற காஸ்ட்ரால் பக்கம் நின்றது. இன்று கடையில் இருக்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி அந்த வகைதான். தரத்தில் அது மோசமில்லை.

ஆனால் மினரலா சிந்தெடிக்கா என்பதைவிட முக்கியமானது கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. “நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் சார் சரி, மத்ததெல்லாம் தண்ணி மாதிரி” என்று பல மெக்கானிக்குகள் இன்றும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு அது பொருந்தும். இன்றைய எஞ்சினை அந்தப் பேச்சை நம்பி ஓட்டக்கூடாது.

வெளியே வேலூர் வெயில் அடித்தாலும் ஊட்டிக் குளிர் அடித்தாலும், தெர்மோஸ்டாட் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை 90 டிகிரி பக்கத்தில் பிடித்து வைக்கிறது. ஆயிலும் 100 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. கிரேடின் பின் எண்ணான 30, 50 எல்லாம் அந்த 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுகிறது. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு, எண் கூடினால் கெட்டி). 50 என்றால் 16.3-க்கு மேல். காலையில் சாவியைத் திருப்பும்போது நிலைமையே வேறு. 40 டிகிரியிலேயே சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 60-70 சென்டிஸ்டோக் இருக்கும், 20டபிள்யூ-50 என்றால் 150-ஐத் தாண்டும். அந்தக் கெட்டி ஆயில் எஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏற நேரம் எடுக்கும். எஞ்சின் தேய்வதில் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான். போதாக்குறைக்கு, இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் வால்வு டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, மாற்றுவதும் ஆயில் அழுத்தம்தான். அதற்கு ஆயில் போகும் துவாரங்கள் மிகச் சிறியவை. பல மாருதி பெட்ரோல் கார்களுக்கு நிறுவனமே 0டபிள்யூ-16 சொல்கிறது. இவ்வளவு மெல்லிய கிரேடுகளில் மினரல் கிடைக்காது. ஆக, மேனுவலில் இருக்கும் கிரேடைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

டர்போ பெட்ரோல் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபுல் சிந்தெடிக். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதன் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். மினரல் அங்கே கருகிக் கரியாகப் படியும். டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற அமெரிக்கத் தரக்குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020-இல் வந்த அந்தத் தரத்தில், டர்போ எஞ்சின்களில் எரிபொருள் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் சிக்கலுக்கும் சோதனை உண்டு.

பழைய கார், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, ஆயில் குடிக்கிறது. மேனுவலும் கெட்டி கிரேடை அனுமதிக்கிறது. இதற்கு நல்ல மினரலே போதும். மிச்சமாகும் காசில் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றலாம்.

சிந்தெடிக் ஊற்றிவிட்டோம், 20,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மேனுவல் 10,000 அல்லது ஒரு வருடம் என்றால் எந்த ஆயிலுக்கும் அதுதான் கணக்கு, எது முதலில் வருகிறதோ அது. தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். அவர்கள் ஒரு வருடம்கூடக் காத்திருக்காமல் மாற்றுவது நல்லது.

பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும்; மேனுவலில் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்பது போல ஐரோப்பியத் தரக்குறியீடு எழுதியிருக்கும். மற்ற ஆயிலின் சாம்பல் ஃபில்டரை அடைத்துவிடும், புது ஃபில்டருக்குப் பெரிய தொகை ஆகும். டீசலில் ஆயில் சீக்கிரம் கறுப்பது வழக்கம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். இந்தக் கார்களில் டிப்ஸ்டிக்கின் அளவைக் கவனியுங்கள். சமதரையில், எஞ்சின் ஆறியபின் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஊற்றாமலே அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஃபில்டரைச் சுத்தம் செய்யத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள்.