வீடு ஏலத்தை நிறுத்தித் தர்றோம்னு சொல்ற ஆபீஸ்ல பணம் கட்டாதீங்க

குமரி மாவட்டத்துல வீட்டு லோன் தவணை முடங்கினவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. கருங்கல் பக்கத்துல எங்க மைனியோட அஞ்சு சென்ட் வீட்டைக் காப்பாத்தித் தர்றோம்னு 85,000 ரூபாயை வாங்கிட்டு ஏமாத்திட்டானுவ. 'லோன் செட்டில்மென்ட்'னு போர்டு வச்ச ஒரு ஆபீஸ். இப்ப ஏல அறிவிப்பு பேப்பர்ல வந்தாச்சு.

60 நாளுக்குள்ள பாக்கியைக் கட்டச் சொல்லி பேங்க் அனுப்பின நோட்டீஸை அங்க இருந்தவன் வாங்கி, பிரிவு 13(2)ன்னு போட்டிருந்த இடத்துல மஞ்சள் மார்க்கரால கோடு இழுத்தான். "அக்கா, இது சும்மா மிரட்டல். நம்ம கோர்ட்டுல ஸ்டே வாங்கிட்டா ஒருத்தனும் உங்க நடையில கால் வைக்க மாட்டான். பேங்குக்கு மட்டும் எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்க, கேஸ் கெட்டுப்போகும்." பிரிவு நம்பரைச் சொல்றவன் விவரம் தெரிஞ்சவனாத்தான் இருப்பான்னு மைனி வளையலை அடகு வச்சு 85,000 கட்டினாங்க. ரசீதுல 'ஆலோசனைக் கட்டணம்'னு மட்டும் இருக்கு.

எழுதிக் குடுக்காதீங்கன்னு சொன்னதுதான் பெரிய துரோகம். அந்த நோட்டீஸ் 2002 சர்ஃபாசி சட்டத்துல வந்தது, அதாவது அடமான வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் எடுத்து விக்க வழி தர்ற சட்டம். அதுல 60 நாள் குடுக்குறது பாக்கியைக் கட்டத்தான், ஆனா கடன் வாங்கினவங்க ஆட்சேபமும் எழுதலாம். எழுதினா 15 நாளுக்குள்ள காரணத்தோட பேங்க் பதில் தந்தே ஆகணும். வட்டிக் கணக்குல தப்பு, கட்டின தவணை வரவு வைக்காதது, அவகாசம் கேக்குறது, எல்லாம் அதுலதான் பதிவாகணும். மைனி பக்கம் ஒரு வரி கூடப் பதிவு இல்ல.

அடுத்தது வீட்டை பேங்க் எடுத்துக்கிட்டதா சொல்ற சுவாதீன நோட்டீஸைக் கதவுல ஒட்டினாங்க. அந்த நடவடிக்கை தேதியில இருந்து 45 நாளுக்குள்ள, அதே சட்டத்தோட பிரிவு 17-ல மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். இவனுவ கேஸ் போட்டது உள்ளூர் சிவில் கோர்ட்டுல. பிரிவு 34 அதைத் தடுக்குதுங்கிறது இந்தத் தொழில் பாக்குற எவனுக்கும் தெரியும். போன் பண்ணினா "கேஸுக்கு இன்னும் நம்பர் ஆகல", "கோர்ட்டு லீவு", "வக்கீல் மதுரைக்குப் போயிருக்காரு". வழக்கு நிக்காதுன்னு ஆனப்போ 45 நாளும் போயிட்டு. பணத்தைக் கேட்டா, "85,000 ஆலோசனைக்குத்தான், திருப்பித் தர்ற வழக்கம் இல்ல."

என்ன செய்யணும்னு விரிவா எழுதணும்னுதான் இருந்தேன், ஆனா இப்ப ஏல அறிவிப்பை எதிர்த்து மதுரைக்குப் பேப்பர் தயாராகணும். அவசரமா சிலது மட்டும்.

நோட்டீஸ் வந்த அன்னைக்கே ஆட்சேபத்தை ரிஜிஸ்டர் தபால்ல ஒப்புகை அட்டையோட அனுப்புங்க. பாக்கி, அசலும் வட்டியும் சேந்த தொகையில 20 சதவீதத்துக்குக் கீழன்னா இந்தச் சட்டத்துல வீட்டைத் தொட முடியாது, அதையும் எழுதுங்க. சுவாதீன நோட்டீஸ் ரெண்டு பேப்பர்ல வந்திருக்கணும், ஒண்ணு தமிழ்ல. முதல் ஏலம்னா விற்பனை நோட்டீஸுக்கும் ஏலத்துக்கும் நடுவுல 30 நாள் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. முழுப் பாக்கியும் செலவும் கட்டி மீட்குற உரிமை, 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஏல அறிவிப்பு வெளியாகுறது வரைக்கும்தான். ஏல நாள் வரைக்கும் நேரம் இருக்குன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

வெத்து முத்திரைத்தாள்லயும் பவர் பத்திரத்துலயும் கையெழுத்து போடாதீங்க. நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. போன் 15100. ஏற்கெனவே இப்படி ஆபீஸ்ல பணம் கட்டியிருந்தா ரசீதைத் தொலைச்சிடாதீங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. மைனியோட 85,000-க்கும் அங்கதான் மனு போடப் போறோம்.