துணி சோதனையில் கேமராவோடு மூன்று ஆண்டுகள்

தறியிலிருந்து இறங்கும் துணியைச் சோதித்து அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. கேமரா வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கண்தான் கருவி. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் சாய்வுப் பலகை மேல் துணி நிமிடத்துக்கு 15, 20 மீட்டர் வேகத்தில் ஓடும். எதிரே நிற்பவர் பழுதைக் கண்டதும் மெஷினை நிறுத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, நோட்டில் எழுதுவார். முதல் ஒரு மணி நேரம் எதுவும் தப்பாது. அதற்கப்புறம் கண் திறந்திருக்கும், ஆனால் எதுவும் பதியாது. ஒரு ராத்திரி ஷிப்டில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்து நீளமாகக் கோடு விழுந்திருந்ததை நானே பார்க்காமல் விட்டிருக்கிறேன். காலையில் அந்த ரோலைப் பிரித்துக் காட்டியபோது பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை.

இப்போது துணிக்கு மேலே வரி வரியாகப் படம் பிடிக்கும் கேமரா இருக்கிறது. ஒரு வரிக்கு 8,192 பிக்சல். 1.6 மீட்டர் அகலத் துணியில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓட்டினால், நொடிக்கு 3,300 வரிகளுக்கு மேல் பிடித்தாக வேண்டும். துணி எவ்வளவு நகர்ந்தது என்று உருளையில் உள்ள என்கோடர் சொல்லச் சொல்ல, கேமரா அதற்கேற்ப வரி எடுக்கும்.

முதல் மூன்று மாதம் படாத பாடு பட்டோம். படத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்தான் சரியில்லை என்று நினைத்தோம். பார்த்தால் பாதிப் பிரச்சினை பஞ்சு. துணி மேல் ஒட்டியிருக்கும் ஒரு துகள் படத்தில் தடித்த நூல் போலவே தெரியும். கேமராவுக்கு முன்னால் தூசு உறிஞ்சும் குழாயைப் பொருத்தி, லென்ஸ் கண்ணாடியை ஷிப்டுக்கு இரண்டு முறை துடைக்க ஆரம்பித்ததும் வீண் எச்சரிக்கைகள் சட்டென்று குறைந்தன.

மீதிப் பாதி வெளிச்சம். இதை எனக்குப் புரியவைத்தது, எங்கள் பிரிவில் பல வருடங்களாகத் துணி பார்க்கும் ஓர் அக்கா. சந்தேகம் வந்தால் அவர் துணியின் ஓரத்தைத் தூக்கி, விளக்குக்குச் சாய்த்து, கண்ணை ஏறக்குறைய துணி மட்டத்துக்கே கொண்டுபோவார். “நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி, சாச்சுப் பாருங்க” என்றார். சாய்த்துப் பார்த்தேன். தடித்த நூல் ஒன்று மெல்லிய நிழலோடு மேலே எழுந்து நின்றது. அதையே கேமராவுக்கும் செய்தோம். துளை, விட்டுப்போன ஊடை (குறுக்கு நூல்), நெய்வு அடர்த்தியில் வரும் மாற்றம் ஆகியவற்றுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம், கறைக்கு மேலிருந்து, மடிப்பு, முடிச்சு, தடிப்புக்குப் பக்கவாட்டில் தாழ்வான கோணத்திலிருந்து. விளக்கை மாற்றியபின் அதே மென்பொருள் வேறு மெஷின் போல வேலை செய்தது.

பழுதின் அளவை வைத்து நடந்த வாக்குவாதமும் போய்விட்டது. பழுதின் நீளத்துக்கு ஏற்பக் குறைப்புள்ளி போடும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரை 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஒரு கெஜத்துக்கு 4 புள்ளிதான் உச்சம். 3 அங்குலத்தை ஒட்டி வரும் பழுதுக்கு ஆளுக்கு ஒரு புள்ளி போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது படமும் நீளமும் சேர்ந்தே பதிவாகின்றன.

ஆனால் எனக்கு இதில் மிகப் பெரிய லாபமாகத் தெரிவது பழுதைப் பிடிப்பதே அல்ல. ரோல் முடிந்ததும், எந்த இடத்தில் என்ன பழுது என்று காட்டிக் கிடைக்கும் வரைபடம்தான். ஒரு நாள் வெவ்வேறு ரோல்களில் ஒரே மாதிரி லேசான கறை. வரைபடத்தில் பார்த்தால், துணி ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில், ஏறக்குறைய 126 சென்டிமீட்டருக்கு ஒரு முறை புள்ளி. சுற்றும் ஏதோ ஒன்று பதித்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். 126-ஐ 3.14-ஆல் வகுத்தால் 40. டேப்பை எடுத்துக்கொண்டு 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளைத் தேடிப் போனோம். இரண்டாவது உருளையிலேயே, காய்ந்து ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு விரலில் தட்டுப்பட்டது. முன்பெல்லாம் கறையைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த ரோலுக்குப் போயிருப்போம். உருளையும் கறை பதித்துக்கொண்டே இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. வெற்று நெசவையும், சாய்கோடு தெரியும் ட்வில் நெசவையும் மென்பொருள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. பழுதில்லாத துணியின் படங்களை மட்டும் காட்டி, மாறுபட்டதை எடுத்துச் சொல்லும் முறையில்தான் நாங்கள் பழக்குகிறோம். ஏனென்றால் சில பழுதுகள் வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். காட்டிப் பழக்க அவ்வளவு படம் கிடைக்காது. தறியிலேயே நெய்யும் பெரிய ஜக்கார்டு டிசைன் என்றால் இந்த முறையும் தடுமாறுகிறது. டிசைனின் ஒரு சுற்று முடிய அரை மீட்டருக்கு மேல் ஆகும்போது, எது டிசைன், எது பழுது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை தரும். அடர் கறுப்புத் துணியில் பின்வெளிச்சம் ஊடுருவுவதே சிரமம். நிறத்தின் சாயல் வித்தியாசத்தை இதை நம்பி முடிவு செய்ய மாட்டேன். அதற்கு நிறத்தை அளக்கும் கருவியான நிறமாலைமானிதான் சரி. எல்இடியும் நாளாக நாளாக மங்கும். வாரம் ஒரு முறை வெள்ளைப் பலகையை வைத்து அளவை நேர்செய்யாவிட்டால், நேற்று பிடித்த கறையை இன்று விட்டுவிடும்.

இன்னொன்று, என்கோடர் சக்கரம் வழுக்கும். 312-ஆவது மீட்டர் என்று திரையில் இருக்கும். தேடினால் 314-இல் கிடைக்கும். சக்கரத்தின் ரப்பர் தேய்ந்ததும் உடனே மாற்றிவிடுங்கள்.

அந்த அக்கா இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சந்தேகப் படங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். அவர் சொல்வதை வைத்துத்தான் எச்சரிக்கை எல்லைகளைத் திருத்துகிறோம். அவரைப் போன்றவரை வெளியே அனுப்பிவிட்டு மெஷினை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள், விற்பவர் காட்டும் மாதிரித் துணியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் உள்ளதிலேயே கஷ்டமான ரோலை எடுத்துப் போங்கள். அதே ரோலை இரண்டு முறை, இரண்டு வேகத்தில் ஓட்டச் சொல்லி, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் பழுது இன்னொன்றில் இல்லையென்றால், ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.