கொண்டையா, முதுகு இறகா: சேவல் குஞ்சை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கொடுங்கையூரில் எங்கள் மொட்டை மாடியில் இந்த முறை பதினோரு குஞ்சு பொரித்தது. பெட்டை என்றால் எத்தனை இருந்தாலும் பிரச்சினை இல்லை. சேவல் அப்படி இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் விடிகாலை நாலரைக்கு ஒரு சேவல் கூவினாலே நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். அதனால் சேவல்களை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டு பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள்.

முதல் வழி முட்டையிலேயே தொடங்குகிறது. "கூர் முட்டைன்னா சேவல், உருண்டைன்னா பொட்டை, இது கூடவா தெரியாது?" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. ஒரே கோழி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் முட்டை இடும். ஆயா சொல்வது சரி என்றால், கூர் முட்டை இடுகிற எங்கள் செவலைக்கு ஆயுசுக்கும் சேவல் மட்டும்தான் பிறக்க வேண்டும். கோழி இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாயின் கருமுட்டை முடிவு செய்கிறது. அது ஓடு உருவாவதற்கு முன்பே முடிந்துபோன கதை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பதும் இதே ரகம்தான். குஞ்சுக்குப் பயம் வருவதுதான் மிச்சம்.

பொரித்த அன்றே நிஜமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கி, உள்ளே இருக்கும் சின்னப் புடைப்பைப் பார்ப்பது. 1920களில் ஜப்பானில் வளர்ந்த வித்தை இது. கை பழகியவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள். பழகாதவர் அழுத்தினால் குடல் சேதமாகிக் குஞ்சு செத்துவிடும். வீட்டில் இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

முட்டைக்கோழிப் பண்ணைகளில் இப்படிப் பிரித்தபின் வேண்டாத ஆண் குஞ்சுகள்தான் பச்சை, ரோஸ் சாயம் பூசிக்கொண்டு வியாசர்பாடி, பெரம்பூர் தெருக்களில் கூடையில் வருகின்றன. பிள்ளைகள் அழுது வாங்கும் கலர் குஞ்சு பெரும்பாலும் சேவல்தான், பார்க்கவே தேவையில்லை.

இறக்கை பார்ப்பது இன்னொரு வழி. முதல் இரண்டு மூன்று நாளில் இறக்கையை விரித்தால், பெட்டைக்கு நீள இறகும் குட்டை இறகும் மாறி மாறி இருக்கும், சேவலுக்கு எல்லாம் ஒரே அளவில் இருக்கும் என்பார்கள். தகப்பன் சீக்கிரம் இறகு முளைக்கும் வம்சம், தாய் மெதுவாக முளைக்கும் வம்சம் என்று திட்டமிட்டு ஜோடி சேர்த்த இனத்தில் மட்டும்தான் இது பலிக்கும். நம் மாடியில் எந்தச் சேவல் எந்தக் கோழியோடு சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆக, நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு நிஜமான போட்டி கொண்டைக்கும் முதுகு இறகுக்கும்தான்.

கொண்டை சீக்கிரம் பேசும். ஐந்து, ஆறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை எழும்பிச் சிவக்கும், கீழே தாடி தெரியும், காலும் தடித்திருக்கும். பெட்டைக்கு வெளிறிய மஞ்சளாய், ஒட்டினாற்போல் இருக்கும். ஒரே நாளில் பொரித்ததுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். தனியாக ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். இந்த வழியில் எங்கள் பதினொன்றில் எட்டை ஆறாவது வாரமே பிரித்துவிட்டேன். ஆனால் கருங்கோழிக்குக் கொண்டையே கறுத்திருப்பதால் நிறம் உதவாது. சண்டைக்கோழிக் கலப்பு என்றால் இரண்டு பாலுக்குமே கொண்டை சின்னது, தாடி இருப்பதே தெரியாது.

முதுகு இறகு மெதுவானது, ஆனால் ஏமாற்றாது. மூன்று மாத வாக்கில், ராத்திரி அடைந்தபிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அப்போதுதான் அசையாமல் இருக்கும். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இறகை விரலால் ஒதுக்கவும். பெட்டைக்கு இறகின் முனை நகம் வெட்டியதுபோல் உருண்டிருக்கும். சேவலுக்குப் பழைய மந்தமான இறகுகளுக்கு நடுவே, மெல்லிசாக, கூராக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இறகு ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். ஒன்று இருந்தாலே போதும், அது சேவல். கால் முள்ளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது வருவதற்குள் ஊரே கூவல் கேட்டிருக்கும். வயதான பெட்டைக்கும் சில சமயம் முள் வரும்.

என்னைக் கேட்டால், கொண்டையைப் பார்த்துச் சந்தேகப்படலாம். விற்பதோ வைத்துக்கொள்வதோ முதுகைப் பார்த்தபிறகுதான். சண்டைக்கோழிக் கலப்பில் ஒன்றைக் கொண்டையை நம்பிப் பெட்டை என்று எழுதி, பேரும் வைத்துவிட்டேன். பதினாலாவது வாரம் ஒரு காலையில் மாடியிலிருந்து 'க்ரீ...ச்' என்று ஒரு சத்தம். கீழ் வீட்டு அக்கா படியில் நின்று குரல் கொடுத்தார்: "தம்பி, மாடிக் கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடேன்."