"925 சில்வர்" (92.5% வெள்ளி) ஹார்ட் பென்டன்ட்னு இன்ஸ்டால விக்கிறாங்க, காசு போடறதுக்கு முன்னாடி இதப் படிங்க

மெடிக்கல் காலேஜ் பசங்க, ஹவுஸ் சர்ஜன்ஸ், நர்ஸிங் பிள்ளைங்க எல்லாருக்கும்தான் இது. ஜூலை 1 டாக்டர்ஸ் டே வந்தாலே ஹார்ட் பென்டன்ட், லங்ஸ் பின், முதுகெலும்பு கீசெயின்னு ஆஃபர் போஸ்டா வந்து குவியும்.

எங்க அனாட்டமி மேடம் ரிட்டயர் ஆனாங்க. டிசெக்‌ஷன் ஹால்ல ஒவ்வொரு டேபிளா வந்து நின்னு பொறுமையா சொல்லிக் கொடுத்தவங்க, இன்டர்னல்ஸ்ல ஃபெயிலான பசங்கள சாயங்காலம் உக்கார வச்சு பாஸ் பண்ண வச்சவங்க. அதனால பேட்ச் மொத்தமும் காசு போட்டு அவங்களுக்கு ஒரு வெள்ளி ஹார்ட் பென்டன்ட், எங்களுக்கு ஆளுக்கொரு லங்ஸ் பின்னுன்னு ஒரு இன்ஸ்டா பேஜ்ல ஆர்டர் போட்டோம். பென்டன்ட் மட்டும் 4,200 ரூபா. ஃபோட்டோல ஹார்ட்டுக்கே ரத்தம் குடுக்குற கொரோனரி ஆர்ட்டரி கூட தெளிவா தெரிஞ்சுச்சு. முழு அமௌன்ட்டும் ஜிபேல முன்னாடியே அனுப்பணும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாதுன்னுட்டாங்க.

வந்தது ஃபோட்டோல இருந்த பொருளே இல்ல. முதல்ல ஹார்ட்டே இடவலம் மாறி இருக்கு. முன்பக்கமா பாக்குறப்போ ஏப்பெக்ஸ் (ஹார்ட்டோட கீழ்முனை) நமக்கு வலது பக்கம் வரணும், அயோர்ட்டிக் ஆர்ச்சும் (ஹார்ட்டுல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயோட வளைவு) அந்தப் பக்கமாத்தான் வளையணும், இதுல ரெண்டுமே எதிர்ப்பக்கம். கேட்டா "போட்டுக்கிறவங்க சைடுல இருந்து பாத்தா கரெக்டா இருக்கும்"னு பதில், பின்பக்கம் வெறும் தட்டையா இருக்கு, பல்மனரி ட்ரங்க் (லங்ஸுக்குப் போற ரத்தக்குழாய்) முன்னாடி வர்ற மாதிரிதான் செதுக்கியிருக்காங்க, அப்புறம் எந்த சைடுல இருந்து பாக்குறது? லங்ஸ் பின்ல ரெண்டு பக்கமும் மூணு மூணு லோப் (மடல்). இடது பக்கம் ரெண்டுதான்னு ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கே தெரியும். வாழ்க்கை முழுக்க அனாட்டமி எடுத்தவங்க கையில இத எப்படிங்க குடுக்குறது, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதோட விட்டா பரவாயில்ல. தெரிஞ்ச ஆசாரி அண்ணன்கிட்ட காட்டுனோம், ஓரத்துல லேசா அரம் போட்டதும் உள்ள மஞ்சளா பித்தளை, மேல வெறும் முலாம். கொக்கி பக்கத்துல 925ன்னு அழகா அடிச்சிருக்கு. அந்த நம்பர யார் வேணா அடிக்கலாம், அது கூட பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கான்னு பாக்கணும். தங்கம் மாதிரி வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, அதுலதான் இவங்க பொழைக்கிறாங்க. ஃப்ரீயா குடுத்த ஸ்டெத் கம்மல போட்ட என் ரூம்மேட்டுக்கு காது சிவந்து நீர் கோத்துருச்சு, ஸ்கின் டிபார்ட்மென்ட்ல பிஜி படிக்கிற அக்கா பாத்துட்டு நிக்கல் அலர்ஜியா இருக்கும்னு சொல்லி க்ரீம் எழுதிக் குடுத்தாங்க.

ரிட்டர்ன் கேட்டதுக்கு கஸ்டமைஸ்டு ஐட்டம், ரிட்டர்ன் இல்லைன்னாங்க. பேர் கூட பொறிக்கல, என்ன கஸ்டமைஸ்டு? போஸ்ட்டுக்குக் கீழ எழுதுனத டெலீட் பண்ணிட்டு ப்ளாக் பண்ணிட்டாங்க. அப்புறம் தேடிப் பாத்தா அந்த ஃபோட்டோவே வெளிநாட்டுல கையால செய்யுற ஒருத்தரோடது.

1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு, 1930 சைபர் க்ரைம்லயும் பதிஞ்சாச்சு. அங்க முதல்ல கேக்குறதே விக்கிறவங்க முழுப்பேரும் அட்ரஸும்தான். 2020 இ-காமர்ஸ் ரூல்ஸ்படி ஆன்லைன்ல விக்கிறவங்க அட்ரஸ், புகார் வாங்குற ஆபீசர் பேரு எல்லாம் போட்டே ஆகணும், இந்த பேஜ்ல ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான், ஜிபேல வந்த பேரும் வேற யாரோடதோ. அதனால காசு அனுப்புறதுக்கு முன்னாடியே அட்ரஸும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்க, பொருள கையில வச்சு சுத்திக் காட்டுற வீடியோ கேளுங்க, மழுப்புனா விட்டுடுங்க. பார்சல் பிரிக்கிறத கட் இல்லாம வீடியோ எடுத்து வைங்க, எங்க கம்ப்ளெயின்ட்டுக்கு கைகொடுத்தது அதுதான்.

மேடத்துக்கு தெரிஞ்ச நகைக்கடையில ஹால்மார்க் போட்ட சின்ன வெள்ளி குங்குமச்சிமிழ் வாங்கிக் குடுத்தோம். காசு இன்னும் திரும்பி வரல. இதே மாதிரி இடவலம் மாறுன ஹார்ட் பென்டன்ட் வந்தவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க, ஜிபே ஐடி ஒண்ணுதானான்னு பாத்து சேந்தே புகார் குடுப்போம்.