ஏ35 வீதி பஸ்ஸில் தாய்ப்பால்: கைப்பம்பும் குளிர்ப் பையும் பாவித்த அனுபவம்

தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்கப் போகும் ஒருவர் என்னிடம் கேட்டால், கையில் இருக்கும் காசில் பாதியைக் குளிர்ப் பைக்கும் ஐஸ் பொதிகளுக்கும் எடுத்து வையுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். வன்னி வெயிலில் பாலை எடுப்பதைவிட, எடுத்த பாலைக் கெடாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. கடைக்காரர்கள் பம்பைப் பற்றி நிறையச் சொல்வார்கள், குளிரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வீடு கிளிநொச்சிப் பக்கம். வேலை பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில், புதுக்குடியிருப்பு தாண்டி ஓர் அரச அலுவலகத்தில். காலையில் பரந்தன் சந்தியில் பஸ் ஏறினால் திரும்பி வர மாலை ஐந்து தாண்டிவிடும். அரச ஊழியருக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை உண்டு. அதன் பிறகு அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாட்கள் எடுக்கலாம். வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு அரைச் சம்பளம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று தெரியும்தானே. நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஆறு மாதம் நிரம்பவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னதை நான் முழுமனதோடு நம்பினேன். பால்மா டின் வாங்க எனக்கு விருப்பமில்லை.

பம்ப் வாங்கியது ஒரு மருந்துக்கடையில், 5000 ரூபாவுக்குக் கிட்ட. கைப்பிடியை அமுக்கி அமுக்கி விட வேண்டிய சாதாரண கைப்பம்ப். ஒரு புனல், உள்ளே மெல்லிய சிலிகான் தகடு ஒன்று, சின்ன வால்வு, கீழே போத்தல், அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம், சத்தமும் அதிகமில்லை. கதவு சரியாகப் பூட்டாத ஓர் அறைக்குள் இருந்து பால் எடுக்கும் பெண்ணுக்குச் சத்தமில்லாதது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். முதலில் சின்னச் சின்னதாக வேகமாக அமுக்க வேண்டும். பால் இறங்கத் தொடங்கியதும் ஆழமாக, மெதுவாக அமுக்க வேண்டும். பிள்ளை குடிக்கும் முறையும் அதுதான். இந்த விஷயத்தில் என் பம்புக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். கை மட்டும் நோகும், அதை மறைப்பதற்கில்லை.

இரண்டு குறைகள் உண்டு. பெட்டிக்குள் ஒரே அளவுப் புனல்தான் இருந்தது, 24 மில்லிமீற்றர். எனக்கு அது பொருந்தியது. என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு அதே அளவு உரசிப் புண்ணாகிவிட்டது. காம்பின் அகலத்தைப் பார்த்துத்தான் புனல் வாங்க வேண்டும், 21, 27 என்று வேறு அளவுகளும் இருக்கின்றன. நோவு இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், அளவு பிழையாக இருக்கலாம். மற்றது வால்வு. சில மாதங்களில் அதன் விளிம்பு தளர்ந்து, உறிஞ்சும் விசை குறைந்துவிட்டது. பால் வற்றிவிட்டதோ என்று பயப்பட வைத்தது இந்தச் சின்ன ரப்பர் துண்டுதான். மாற்று வால்வு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. பம்ப் வாங்கும்போதே மேலதிக வால்வு கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காது என்றால் வேறு பம்ப் பாருங்கள்.

அந்த வால்வு வரும்வரை என்னைக் காப்பாற்றியது எங்கள் பகுதி மிட்வைஃப் சொல்லித் தந்த கைமுறை. "தங்கச்சி, மெஷின் உடைஞ்சா என்ன, கை இருக்குத்தானே" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்து காட்டினார். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் காம்புக்குக் கொஞ்சம் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றாக நெருக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிரசவம் முடிந்து வீடு வரும்போதே இதைக் கேட்டுப் பழகுங்கள். பம்ப் வாங்குகிறவரும் வாங்காதவரும் எல்லோரும் பழக வேண்டும். செலவில்லாத சேவை, எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது.

அலுவலகத்தில் பால் எடுப்பதற்கென்று இடம் எதுவும் இல்லை. பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் ஒரு கதிரையும், கதவுக்கு ஒரு திரைச்சீலையும் கேட்டு வாங்கினேன். கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பத்தரைக்கு ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, முடிந்தால் புறப்படும் முன் இன்னொன்று. நேரம் தள்ளிப்போனால் மார்பு கட்டிக் கல்லுப்போல் ஆகிவிடும், அதை அப்படியே விட்டால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். அது உங்களுக்குச் சேர வேண்டியது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, குளிருக்கு வருகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, எடுத்த பால் அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் இருக்கும் என்பது. அந்த அறை 25 பாகை அல்லது அதற்குக் குறைந்த அறை. பங்குனி, சித்திரையில் எங்கள் கோப்பு அறை எந்த நேரத்தில் 25 பாகையாக இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே மேசையில் வைத்த பாலை அந்தக் கணக்கை நம்பி விடவே முடியாது. எடுத்தவுடன் குளிருக்குள் போக வேண்டும். வடிவாக உறைந்த ஐஸ் பொதிகளோடு குளிர்ப் பைக்குள் வைத்தால் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். எனக்கு வேண்டியது காலை பத்தரையில் இருந்து மாலை ஐந்தரை வரைதான். நான் வாங்கிய பை சாப்பாட்டுப் பை அளவு, உள்ளே வெள்ளித்தாள் போல மினுங்கும் தடித்த உறை, சிப் முழுவதும் மூடும். ஜெல் பொதிகள் நான்கு. இரண்டு பொதி போதும் என்று கடையில் சொல்வார்கள், எங்கள் ஊருக்கு அது காணாது. போத்தலின் நாலு பக்கமும் பொதி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் வெற்றிடம் இருந்தால் துணி வைத்து அடைக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்யும் மாமா. ரெஜிபோம் பெட்டியில் மீன் அடுக்குகிறவருக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பஸ் நெரிசலில் பையை இன்ஜின் பக்கம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து திறக்கும்போது பொதிகளில் பாதியாவது கட்டியாக இருக்கும். இந்தப் பை பம்பின் விலையில் பாதிகூட இல்லை, என்றாலும் இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் பையைத்தான் எடுப்பேன்.

அலுவலகத்தில் பிரிட்ஜ் இருக்கிறது. தயிர்ச்சட்டியும் சாப்பாட்டுப் பார்சலும் நிரம்பி, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடப்படும் பிரிட்ஜ் அது. நான் அதை நம்பவில்லை.

வீட்டில் அம்மாதான் மகளைப் பார்க்கிறார். பிரிட்ஜில் பாலைக் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைக்க வேண்டும், நான்கு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எங்களுடையது ஒரு கதவு பிரிட்ஜ். அதன் மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மாதம் வைக்கலாம் என்று சொல்வது தனிக்கதவுள்ள பிரீசருக்கு. ஒவ்வொரு போத்தலிலும் 60 முதல் 100 மில்லிலீற்றர் மட்டும், மேலே கொஞ்சம் இடம் விட்டு, திகதி எழுதி ஒட்டுவேன். பழையது முதலில் போகும். சூடான புதுப் பாலை உறைந்த பாலின் மேல் ஊற்றுவதில்லை.

முதல் நாள் அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது திரைஞ்சு போச்சு" என்று ஊற்றப் போனார். மேலே மஞ்சள் படையாகக் கொழுப்பு பிரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். மாட்டுப்பால் போல அடுப்பில் பொங்க வைக்கவும் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கோப்பைக்குள் போத்தலை வைத்தால் போதும். உறைந்து இளகிய பால் என்றால் பிரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே எடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரம். பிள்ளை வாய் வைத்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் ஊற்றிவிட வேண்டும். சூப்பிப் போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பையில் கொடுங்கள் என்றார் மிட்வைஃப். அம்மா மகளை மடியில் நிமிர்த்தி வைத்து, கோப்பையை உதட்டில் முட்டவைத்துக் காத்திருப்பார், மகள் தானே நக்கிக் குடிப்பாள். கொஞ்சம் சிந்தும். அந்தப் பழக்கத்தால்தான் நான் வந்ததும் மறுக்காமல் என்னிடம் குடித்தாள் என்று நம்புகிறேன்.

கழுவுவதைப் பற்றி ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். அதில் பம்பை அவித்தால் வெள்ளைப் படிவு ஒட்டி வால்வு சரியாக மூடாது. குடிப்பதற்கு வாங்கும் வடிகட்டிய தண்ணீரில் அவியுங்கள். அலுவலகத்தில் தேநீர்க் கோப்பை கழுவும் தொட்டிக்குள் பம்பைப் போடாமல், அதற்கென்று ஒரு சின்னப் பேசின் வைத்திருந்தேன். பிளாஸ்கில் சுடுதண்ணீர், சவர்க்காரம், பிறகு சுத்தமான துணியில் காய வைப்பது.

மழைக் காலத்தில் கரண்ட் போனால் ஐஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். வெற்றிடங்களில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து நிரப்பியிருந்தால் குளிர் கனநேரம் நிற்கும். கரண்ட் வந்தபோது பாலுக்குள் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய விடலாம், முழுவதும் இளகியும் இன்னும் குளிராக இருந்தால் அன்றே கொடுத்து முடிக்க வேண்டும், குளிர் விட்டிருந்தால் ஊற்றிவிட வேண்டும்.

மின்சாரப் பம்ப் வாங்கவில்லை. இரட்டைப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது பிரயோசனப்படலாம். ஒரு தடவை பாவித்து எறியும் பால் பைகளும், கிருமி நீக்கும் மின்சாரப் பெட்டியும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு சட்டியும் மூடியும் அந்த வேலையைச் செய்தன.

மகளுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது, பம்ப் எடுப்பதில்லை. அடுத்து விடுமுறையில் போகும் தங்கச்சி ஒருவர் முழுவதையும் கேட்டார். குளிர்ப் பையையும் ஐஸ் பொதிகளையும் பேசினையும் கொடுத்தேன். பம்பைக் கொடுக்கவில்லை, இந்த வகைப் பம்ப் ஒருவர் மட்டும் பாவிப்பதற்கென்று செய்தது. புதிதாக வாங்கச் சொல்லி, வால்வு எந்தக் கடையில் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.