உகாண்டா குடிநீர் இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்களைக் குறிவைத்து, ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீர், கழிப்பறைத் திட்டங்களில் இன்டர்ன்ஷிப் என்று விளம்பரங்கள் வருகின்றன. அப்படி ஒரு ஏஜென்சி மூலம் உகாண்டாவில் சொரோட்டி பக்கம் போய் வந்தேன். கட்டணம் ஒன்றே முக்கால் லட்சம், விமானச் செலவு தனி. பணத்தில் பெரும்பகுதி கிராமத்துக்கே போகும் என்றார்கள்.

கிளம்பும் முன்பே கோளாறு. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். ஏஜென்சி இதைச் சொல்லவே இல்லை. டிக்கெட் மாற்றிய செலவு என் தலையில் விழுந்தது. அப்புறம், சுற்றுலா விசா போதும், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்கள். அந்த விசாவில் அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. பிடிபட்டால் மாட்டுவது நாம்தான்.

அங்கே பார்த்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில் 'டிப்பி டேப்' கட்டச் சொன்னார்கள். கவைக்கம்பில் கேனைத் தொங்கவிட்டு, அதோடு கயிற்றால் கட்டிய குச்சியைக் கீழே மிதித்தால் கேன் சாய்ந்து கைகழுவத் தண்ணீர் விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் வந்த குழுக்கள் நட்ட கம்புகளே அங்கே வரிசையாக நின்றன, ஒன்றிலும் கேன் இல்லை. ஊற்றத் தண்ணீர் இருந்தால்தானே? பள்ளியின் அடிபம்பு செந்நிறமாகத் துருத் தண்ணீர் கக்கி, கைவிடப்பட்டுக் கிடந்தது. பிள்ளைகள் மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு சதுப்பு நிலத்து ஊற்றுக்கு நடந்தார்கள்.

அது நம் இந்தியா மார்க் 2 வகைப் பம்பு, அங்கே யூ2 என்பார்கள். அமிலத்தன்மையுள்ள நிலத்தடி நீர் ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அரித்துவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் போட்டால் சரியாகிவிடும் என்றார் உள்ளூர் மெக்கானிக். உகாண்டா அரசே 2016இல் ஜிஐ பைப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர் சொன்ன செலவுக்கு நான் ஒருவன் கட்டிய பணமே போதும். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டதற்கு, பம்பு நம் திட்டத்தில் வராது, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏஜென்சியிடமிருந்து ஒரு ஷில்லிங்கூட வந்ததில்லை என்று தலைமையாசிரியை சொன்னார். ஒவ்வொரு குழு வரும்போதும் வகுப்பை நிறுத்திப் பிள்ளைகளைப் பாட வைப்பதுதான் மிச்சம். என் பணம் போனதைவிட இதுதான் பெரிய மோசடி.

உகாண்டாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு தொண்டு நிறுவனம் எந்த மாவட்டத்தில் வேலை செய்கிறதோ அந்த மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த நகலைக் கேளுங்கள். நான் ஊர் திரும்பிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. போன வருடம் செய்த வேலை இப்போது எப்படி இருக்கிறது, பம்பு ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ கட்டணம் வாங்குவதில்லை, தன்னார்வலருக்கு வாழ்க்கைப்படியும் கொடுக்கிறது. இடம் கிடைப்பது கடினம்தான், இருந்தாலும் முதலில் அங்கே முயன்று பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், நன்கொடையைத் திருப்ப முடியாது என்கிறார்கள். ரசீதில் 'திட்டக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதேபோல் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.