மெனோபாஸ் தொல்லைகள்: ஹார்மோன் சிகிச்சையும் அதற்குப் போட்டியானவையும்

இரவு இரண்டு மணிக்கு மார்பிலிருந்து கழுத்து, கன்னம் என்று சூடு குப்பென்று ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, போர்வையை உதறித் தள்ளிய ஓரிரு நிமிடங்களில் முதுகெல்லாம் வியர்வையில் நனைந்துவிடுகிறது, சூடு இறங்கியதும் அதே வியர்வை குளிர்ந்து உடல் நடுங்க, உதறிய போர்வையையே மறுபடியும் தேட வேண்டியிருக்கிறது. மெனோபாஸ் என்றதும் பலர் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் மருத்துவரிடம் செல்லும் பெண்ணின் குறைகள் பெரும்பாலும் இதோடு முடிவதில்லை. தூக்கம் கெட்டிருக்கும், பிறப்புறுப்பில் வறட்சியும் உறவின்போது வலியும் இருக்கும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும், மூட்டு வலிக்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும், நாக்கு நுனியில் இருந்த சொல் நழுவிப்போகும். இத்தனைக்கும் சேர்த்து அவர் கேட்பது “ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா?” என்ற ஒரே கேள்வியைத்தான். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடைப்பதால்தான் பதிலும் குழம்புகிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு தொல்லைக்கும் போட்டியிடும் சிகிச்சைகள் வேறு வேறு. ஒன்றில் முதலிடம் பெறும் மருந்து இன்னொன்றில் களத்திலேயே இருப்பதில்லை. ஆகவே, தொல்லைவாரியாகவே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு தெளிவு தேவை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், அதன் பிறகே மெனோபாஸ் வந்துவிட்டதாகக் கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளான பெரிமெனோபாஸ் காலத்தில், சினைப்பையில் சுரக்கும் முதன்மைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு வாரம் எகிறி, மறுவாரம் சரிந்து தத்தளிக்கிறது. அதனால்தான் 45 வயதைத் தாண்டியவருக்கு, மெனோபாஸா என்று அறிவதற்காக எஃப்.எஸ்.ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை என்கிறார்கள்: இன்று எடுத்த அளவு அடுத்த மாதம் மாறியிருக்கும். தைராய்டு பரிசோதனை அப்படியல்ல. மிகையாகச் சுரக்கும் தைராய்டும் இதே வியர்வையையும் படபடப்பையும் தரும் என்பதால், ஐயம் இருந்தால் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

உடல் சூட்டை எடுத்துக்கொண்டால், ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் போய்விடும்’ என்ற அறிவுரையையும் ஒரு போட்டியாளராகவே கருத வேண்டும். பலருக்கு முதலில் கிடைப்பது அதுதான். மிதமான தொல்லை உள்ளவருக்கு அது தவறும் அல்ல. ஆனால் அந்தக் ‘கொஞ்ச நாள்’ எவ்வளவு என்பதைச் சொல்லாமல் அறிவுரை தருவது நியாயமில்லை. அமெரிக்காவில் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி சூடும் வியர்வையும் வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள்; அதாவது பாதிப்பேருக்கு அதைவிட நீண்டது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. ஏழாண்டு கெட்ட தூக்கத்தையும் ஏழு மாதக் கெட்ட தூக்கத்தையும் ஒரே சொல்லில் ‘பொறுத்துக்கொள்’ என்று கடந்துவிட முடியாது.

சூட்டைத் தணிப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு இணை இல்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சூடு வரும் எண்ணிக்கையை ஹார்மோன் ஏறத்தாழ 75 சதவீதம் குறைத்தது தெரிந்தது. அப்படியிருந்தும் அதன்மீது அச்சம் படிந்ததற்குக் காரணம், 2002-இல் வெளிவந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வு முடிவு. கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும், கருப்பையின் உட்சவ்வைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டோஜனின் செயற்கை வடிவமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. பத்தாயிரம் பெண்களை ஓராண்டு பார்த்தால், போலி மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு வந்த மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21-லிருந்து 29 ஆனது. நுரையீரல் ரத்தக்கட்டு 8-லிருந்து 16 ஆனது. அதே கணக்கில் இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10 ஆகவும் குறைந்தன. முதல் மூன்று எண்கள் தலைப்புச் செய்தியாயின. கடைசி இரண்டும் பலர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும் போய்ச் சேரவில்லை. சூட்டோடு மல்லாடும் 50 வயதுப் பெண்ணுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியான அளவீடாகாது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடக்காதவர்களில், வேறு தடை இல்லையென்றால் பயன் அபாயத்தைவிட அதிகம் என்றே சொல்கின்றன.

ஹார்மோனுக்குள்ளேயே இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. என் மதிப்பீட்டில் மொத்த விஷயத்திலும் நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது இதுதான். மாத்திரையாக விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியைத் தூண்டுகிறது. தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜன் நேரே ரத்தத்தில் கலப்பதால், வழக்கமான அளவுகளில் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆகவே உடல் பருமன், ஒற்றைத் தலைவலி, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் மிகுதி ஆகியவை உள்ளவருக்குத் தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோதான் பொருத்தம். பட்டை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டப்பட்டு, பெரும்பாலும் வாரத்துக்கு இருமுறை மாற்றப்படுகிறது. மார்பில் ஒட்டக் கூடாது. அதிகம் வியர்ப்பவருக்கு அதன் ஓரம் மெல்லக் கிளம்பிவிடும், சிலருக்குச் சதுரமான சிவந்த தடம் விழும். வியர்வைக்குக் கொடுத்த மருந்து வியர்வையாலேயே கழன்று விழுவது ஒரு சின்ன வேடிக்கை. ஜெல்லை நாள்தோறும் கையிலோ தொடையிலோ பூசி, நன்றாக உலரவிட்ட பிறகே உடை உடுத்த வேண்டும். பூசிய இடம் குழந்தையின் மேல் படக் கூடாது. மாத்திரையின் ஒரே மேன்மை, விழுங்கினால் வேலை முடிந்தது என்பதுதான். பலருக்கு அது பெரிய மேன்மையே.

கருப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு வழி திறக்கும். எனவே புரோஜெஸ்டோஜன் கட்டாயம். இதிலும் தேர்வு உண்டு: இரவில் விழுங்கும் நுண்துகள் புரோஜெஸ்டிரான் சற்று மயக்கம் தருவதால், தூக்கம் கெட்டவருக்கு அதன் பக்கவிளைவே பயனாகிறது; பெரிமெனோபாஸில் அதிக உதிரப்போக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பும் சேர்ந்திருப்பவருக்கு, லெவோநோர்ஜெஸ்டிரல் என்ற புரோஜெஸ்டோஜன் கலந்த கருப்பைச் சாதனம் உட்சவ்வைக் காப்பது, உதிரப்போக்கைக் குறைப்பது, கருத்தடை என்ற மூன்று வேலையை ஒன்றாகச் செய்கிறது. வழக்கமான மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை கருத்தடை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஹார்மோன் கூடாதவர்களும் வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர், தீவிரக் கல்லீரல் நோயாளி, அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர் ஆகியோருக்கு முதன்மையான மாற்று, மனச்சோர்வுக்காக உருவான மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுப்பது. அவற்றில் ஒன்றான பராக்ஸெட்டினின் 7.5 மில்லிகிராம் அளவுக்கு, சூட்டைத் தணிப்பதற்காகவே அமெரிக்காவில் 2013-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குப் பின் அது திரும்பாமல் தடுக்கும் டமாக்ஸிஃபென் மருந்தை எடுப்பவருக்குப் பராக்ஸெட்டின் உகந்ததல்ல. டமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியையே அது முடக்குகிறது. அவருக்கு இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்ஸின் மேல். இரவு வியர்வைதான் பெரும் தொல்லை என்பவருக்கு, தூக்கக் கலக்கம் தரும் வலிப்பு மருந்தான காபாபென்டினைப் படுக்கும் முன் கொடுப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மறுநாள் காலையிலும் அந்தக் கலக்கம் தொடர்ந்தால் தர்க்கம் தோற்றுவிடும். ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் பழைய மருந்து, சூட்டுக்குப் பயன் சொற்பம்.

புதியவரான, ஹார்மோன் அல்லாத ஃபெசோலினெடன்ட் மாத்திரை 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கருகே உள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைக்கிறது. அது குறைந்ததும் அவை மிகையாகத் துடித்து, சூடாகாத உடலைச் சூடாகிவிட்டது என்று மூளைக்குத் தவறாக அறிவிக்கின்றன. அந்தத் தவறான செய்தி போய்ச்சேரும் ஏற்பியையே இந்த மருந்து அடைக்கிறது. முதன்மைச் சோதனைகளில், நாளுக்குச் சராசரியாகப் பத்து முறைக்குமேல் சூடு கண்ட பெண்களுக்கு 12 வார முடிவில், போலி மாத்திரை எடுத்தவர்களைவிடச் சராசரியாக இரண்டரை முறை கூடுதலாகக் குறைந்தது. வேலை செய்யும் விதம் அழகானது. ஆனால் அரிதாகக் கல்லீரலைத் தாக்குவதால் 2024 டிசம்பரில் அதற்குக் கடும் எச்சரிக்கைக் குறிப்பு சேர்க்கப்பட்டது. தொடங்குமுன்னும், பின் முதல் மூன்று மாதங்களுக்கு மாதந்தோறும், பிறகு ஆறாம், ஒன்பதாம் மாதங்களிலும் கல்லீரல் பரிசோதனை தேவை. ஹார்மோனுக்கு அஞ்சி இதைத் தேர்ந்தெடுப்பவர், ஓர் அச்சத்தைக் கொடுத்து ஒரு கண்காணிப்பை வாங்கிக்கொள்கிறார்.

‘இயற்கை’ என்ற பெயரில் வருபவற்றை இதே தராசில் வைத்தால் தட்டு மேலே போய்விடுகிறது. சோயாவிலுள்ள, ஈஸ்ட்ரோஜனை ஒத்த ஐசோஃபிளேவோன்களைச் சிலரின் குடல் நுண்ணுயிர்கள் மட்டுமே வலுவான ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன என்பது ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு ஒரு காரணம். பிளாக் கோஹோஷ் என்ற மூலிகையின் வேரில் நிலையான பயன் காட்டப்படவில்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. “எனக்கு நன்றாக வேலை செய்ததே” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஏறத்தாழ எல்லாச் சோதனையிலும் போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் கணிசமாகச் சூடு குறைந்திருக்கிறது. தானாகவே ஏறி இறங்கும் ஒரு தொல்லையில் எந்தப் பொடியும் ஒருநாள் பலித்ததாகத் தோன்றும். இதற்கு மாறாக, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும், மருந்தே இல்லாத அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு உண்மையான சான்று இருக்கிறது. அது சூடு வரும் எண்ணிக்கையைவிட, சூடு வந்தால் ஏற்படும் பதற்றத்தையும் அதைத் தொடரும் தூக்கமின்மையையும் குறைக்கிறது. மனம் சோர்ந்திருப்பவருக்குக் கூடுதல் பயன்.

வறட்சிக்கு வந்தால் போட்டி வேறாகிவிடுகிறது. சூடு காலப்போக்கில் தணியும். வறட்சியும் சிறுநீர்த் தொல்லையும் சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் கூடவே செய்யும். மேற்சொன்ன ஹார்மோனற்ற மாத்திரைகள் எவையும் இதற்குப் பயன்படா. உறவின்போது மட்டும் வலி என்றால் வழவழப்பு ஜெல் போதும். வாரத்தில் சில நாள் பூசும் ஈரப்பதக் களிம்பு அடுத்த படி. அதற்கும் அடங்காதபோது, பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ களிம்போ தெளிவாக வெல்கிறது. முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு வாரத்துக்கு இருமுறை என்பது வழக்கம். ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம் என்பதால் உடன் புரோஜெஸ்டோஜன் பொதுவாகத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும் குறைகிறது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்காக ஆன்டிபயாட்டிக் விழுங்குவோரை நினைத்தால், மருத்துவர்கள் தாமாகவே ஒரு வரி கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

எலும்பு சத்தமின்றித் தேய்வதால் யாரும் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. உடல் எடையைத் தாங்கும் உடற்பயிற்சி, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை அடித்தளம். இவற்றால் மட்டும் அந்த வேகத்தை நிறுத்த முடிவதில்லை. சூடும் இருந்து வயதும் ஐம்பதுகளில் என்றால், ஹார்மோன் இரண்டையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும். 65 வயதில், சூடு ஓய்ந்துபோய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-மதிப்பு எலும்புப்புரையைக் காட்டும் மைனஸ் 2.5-க்குக் கீழே இருப்பவருக்கு, எலும்புக்காக மட்டும் புதிதாக ஹார்மோன் தொடங்குவது சரியல்ல. அங்கே எலும்புத் தேய்வைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்துதான் முன்னுக்கு வருகிறது. வாரம் ஒருநாள், வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும்.

இதயத்தையும் மூளையையும் காப்பதற்கென்று ஹார்மோன் எடுப்பதில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எல்.டி.எல் கொழுப்பு ஏறுவது உண்மைதான். ஆனால் இதயத்தைக் காக்க ரத்த அழுத்த, சர்க்கரைக் கட்டுப்பாடும், தேவைப்பட்டால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் உண்டு. 65 வயதுக்கு மேல் கூட்டு ஹார்மோன் தொடங்கியவர்களிடம் மறதி நோய் கூடியதே தவிரக் குறையவில்லை.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. உடல் இன்னும் பத்தாண்டுக்குமேல் எதிர்பார்த்த ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுப்பதாகவே அவருக்கான சிகிச்சை கருதப்படுகிறது. தடை ஏதும் இல்லையென்றால், இயல்பான மெனோபாஸ் வயதான ஏறத்தாழ 51 வரையாவது தொடரச் சொல்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்குமுன் இரண்டு வாரம், சூடு எத்தனை முறை வந்தது, இரவில் எத்தனை முறை விழித்தோம் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து மருத்துவரைப் பார்க்கும்போது ஊகத்துக்கு இடமிருக்காது. ஹார்மோன் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற உதிரக் கசிவு வரலாம். ஆறு மாதத்தைத் தாண்டியும் அது நீடித்தாலோ, எந்த ஹார்மோனும் எடுக்காதவருக்கு மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி பட்டாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் கருப்பையின் உட்சவ்வை ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.